2.33 என்னும் வாசல்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் மே மாதத் தொடக்கத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் ஒரு சான்றிதழ் வரும். அதில் எத்தனையோ பாடங்கள் இருந்தாலும் பெற்றோரின் கண் மூன்றில்தான் நிற்கும்: ஜெர்மன் மொழி, கணக்கு, ஊரையும் சுற்றுப்புறத்தையும் பற்றிய பாடம். மதிப்பெண் நம்மூர் போல நூற்றுக்கு இத்தனை என்று கிடையாது. 1 முதல் 6 வரை, அதில் 1தான் உச்சம். மூன்று பாடத்தின் சராசரி 2.33க்குள் இருந்தால் பிள்ளை கிம்னாசியத்தில் சேரலாம். பல்கலைக்கழகத்துக்கு அதுதான் நேர்வழி. 2.66 வரை என்றால் ரெயால்ஷூலே, நடுத்தரம். அதற்கும் கீழே போனால் மிட்டல்ஷூலே, பழைய பெயரில் ஹௌப்ட்ஷூலே. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பாடத்தில் 2, ஒன்றில் 3 வாங்கினால் 2.33; வாசல் திறக்கும். ஒன்றில் 2, மற்ற இரண்டில் 3 என்றால் 2.66, வாசல் மூடிவிடும். இடையில் இருப்பது ஒரே பாடத்தில் ஒரே படி. பிள்ளைக்கு வயது பத்து.

இதே நான்காம் வகுப்பில்தான் போலீஸ்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பயிற்சி கொடுப்பார்கள். கையை நீட்டிச் சைகை காட்டித் திரும்புவது, வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழிவிடுவது என்று எல்லாவற்றுக்கும் எழுத்துத் தேர்வும் உண்டு, ஓட்டிக்காட்டும் தேர்வும் உண்டு. பிள்ளை தானாகப் பள்ளிக்குப் போய் வரவேண்டும் என்பதில் அந்தச் சமூகத்துக்கு அவ்வளவு அக்கறை. வாகன நெரிசலில் ஒரு பத்து வயதுப் பையனை நம்புகிறவர்கள், பதினாலு வயதில் அவனுக்குப் படிப்பில் சூடு பிடிக்கலாம் என்பதை ஏன் நம்புவதில்லை என்பது எனக்கு விளங்காத புதிர்.

ஜெர்மனி முழுவதும் பவேரியா போலக் கறார் கிடையாது. பள்ளிக்கல்வி அங்கே 16 மாநிலங்களின் தனித்தனி அதிகாரம். பெரும்பாலான மாநிலங்களில் ஆசிரியர் தருவது பரிந்துரை மட்டுமே. கடைசி முடிவு பெற்றோருடையது. பாடன்-வுர்ட்டம்பர்க் 2012இல் பரிந்துரையின் கட்டாயத்தை நீக்கியது, இப்போது மறுபடியும் இறுக்கியிருக்கிறது. பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டு என்பதால் பிரிவினை இரண்டு வருடம் தள்ளிப்போகிறது. ஹௌப்ட்ஷூலே என்ற பெயரையே பல மாநிலங்கள் ஒழித்துவிட்டன. மிச்சம் மீதிப் பிள்ளைகளைத் தள்ளிவிடும் இடம் என்று ஜெர்மானியரே அதைப் பேசத் தொடங்கிவிட்டார்கள், அதனால்தான்.

தொடக்கப்பள்ளி நான்காண்டு என்ற கணக்கைக் குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்தவர்கள் வகுத்துத் தந்ததாக நினைத்துவிட வேண்டாம். அது ஓர் அரசியல் சமரசம். முதல் உலகப்போருக்கு முன்னால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தொடக்கக்கல்வியைக்கூடத் தனிப் பள்ளிகளில்தான் படித்தார்கள். போருக்குப் பின் வந்த வைமர் குடியரசு 1920இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, எல்லாக் குழந்தைகளையும் ஒரே தொடக்கப்பள்ளியில் உட்காரவைத்தது. இடதுசாரிகள் அந்தப் பொதுப்பள்ளி இன்னும் நீளவேண்டும் என்றார்கள். மற்றவர்கள் முடியாது என்றார்கள். நான்கில் வந்து நின்றது. அன்று அது பெரிய முன்னேற்றம். நூறு வருடம் கழித்தும் அதே நான்கைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் சிக்கல்.

முறையின் நல்ல பக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். பேச்சுக்கு அல்ல, அது உண்மையிலேயே பெரிது. ஒன்று, ஒரே நாளில் மூன்று மணி நேரத்தில் தலையெழுத்தை எழுதும் தேர்வு அங்கே வழக்கமில்லை. பிள்ளையைப் பல மாதமாக, சில இடங்களில் சில வருடமாக வகுப்பில் பார்த்த ஆசிரியர் சொல்கிறார். பவேரியாவில் அதில் உடன்பாடில்லாத பெற்றோர், மூன்று நாள் மாதிரி வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பி இன்னொரு முறை முயலலாம்.

இன்னொன்று தொழிற்பயிற்சி. ஜெர்மனியை உலகம் பொறாமையோடு பார்ப்பதற்கு இதுவே காரணம். அரசு அங்கீகரித்த தொழில்கள் 300க்கும் மேல்: ரொட்டி சுடுவது, கண்ணாடிக் கலை, கட்டட மின்பணி, வங்கிப் பணி, புகைபோக்கி துடைப்பது வரை. பயிற்சிக்குச் சேர்பவர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாள் பட்டறையிலோ அலுவலகத்திலோ இருப்பார். முதல் மாதமே சம்பளம் உண்டு, வருடத்துக்கு வருடம் கூடும். இரண்டு முதல் மூன்றரை ஆண்டில் தேர்வெழுதித் தொழிலாளியாகிறார். இன்னும் மேலே போக விரும்பினால் மைஸ்டர் பட்டம். தேசியத் தகுதிப் படிவரிசையில் அது இளங்கலைப் பட்டத்துக்குச் சமமான படியில் இருக்கிறது. 2009 முதல் மைஸ்டர்கள் பல்கலைக்கழகத்தில் சேரவும் வழி திறந்தது. தச்சர்களில் சிலர் இன்றும் பயிற்சி முடித்த கையோடு கறுப்பு வெல்வெட்டுக் கால்சட்டையும் தொப்பியுமாக, மூன்று வருடமும் ஒரு நாளும் சொந்த ஊர்ப்பக்கம் தலைகாட்டாமல் ஊர் ஊராக வேலை பார்த்துத் திரிவார்கள். வழியில் காரை நிறுத்தி ஏற்றிக்கொள்கிறவர் முகத்தில் மரியாதை தெரியும். கைத்தொழில் கற்றவனைக் கண்டு ஒரு சமூகம் மரியாதை காட்டுவதை நாம் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறோம்?

முறையை ஆதரிப்பவர்கள் சொல்வது இதைத்தான். எல்லோரையும் பட்டப்படிப்புக்கு விரட்டாமல் அவரவர்க்கு ஏற்ற வழியில் விடுவதால்தான் தொழிலுக்கு இந்த மதிப்பு இருக்கிறது, அந்தப் பிரிவினையைத் தொட்டால் பட்டறைகள் காலியாகும் என்கிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சியில் சேர்பவர்களின் வயதைக் கேட்டால் இந்த வாதம் தள்ளாடும். இன்று ஜெர்மனியில் தொழிற்பயிற்சி தொடங்குபவரின் சராசரி வயது 20ஐ ஒட்டி இருக்கிறது. அவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பல்கலைக்கழகத் தகுதியை வைத்துக்கொண்டே பட்டறைக்கு வருகிறவர்கள். இருபதில் எடுக்கிற முடிவுக்குப் பத்தில் எதற்குச் சல்லடை? பக்கத்து சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான மாகாணங்களில் ஆறாண்டுத் தொடக்கப்பள்ளி முடிந்தே பிரிக்கிறார்கள். அங்கே இளைஞர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்கல்விக்குத்தான் போகிறார்கள். பின்லாந்து 1972இல் வடக்கே லாப்லாந்தில் தொடங்கி 1977இல் ஹெல்சிங்கி வட்டாரத்தில் முடித்து, தன் இரட்டைப் பள்ளி முறையைக் கலைத்து ஒன்பதாண்டுப் பொதுப்பள்ளி ஆக்கியது. பதினாறு வயதுவரை எல்லோரும் ஒரே பள்ளி. அதற்குப் பிறகு கிட்டத்தட்டப் பாதிப் பேர் தொழில்வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தப் பட்டறையும் காலியாகவில்லை.

ஆக, தொழிலின் மதிப்பு பயிற்சியின் தரத்திலிருந்தும் கூலியிலிருந்தும் வருகிறது. பத்து வயதுப் பிரிவினை அதன் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டு புகழை மட்டும் பங்கு கேட்கிறது. ஜெர்மானியப் பெற்றோருக்கும் இது தெரியும். இன்று பத்தில் நான்கு பிள்ளைகளுக்கு மேல் கிம்னாசியம் போகிறார்கள். தொழில்வழி உயர்ந்தது என்று மேடையில் பேசுகிறவரின் சொந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று விசாரித்தால் விடை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

சரி, அந்தச் சல்லடை எதை அளக்கிறது? என் கணிப்பில் அது பிள்ளையின் காலை நேரத்தை அளப்பதைவிட வீட்டின் மதிய நேரத்தைத்தான் அளக்கிறது. பழைய மேற்கு ஜெர்மனியில் பள்ளி என்றாலே அரைநாள். எட்டு மணிக்குத் தொடங்கி பன்னிரண்டு, ஒரு மணிக்கெல்லாம் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். அம்மா வீட்டில் இருப்பாள், சமைத்து வைத்திருப்பாள், வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்காருவாள் என்று எழுதப்படாத ஓர் ஏற்பாடு. இன்று முழுநாள் பள்ளிகள் பெருகிவிட்டன. ஆனால் பழைய பழக்கத்தின் எச்சம் இன்னும் விட்டபாடில்லை.

அந்த மதியத்தில் என்ன நடக்கிறது? மூன்று சொற்களைக் கொடுத்துக் கதை கட்டச் சொல்வது அங்கே தொடக்கப்பள்ளியில் வழக்கமான கட்டுரைப் பயிற்சி. கதை இறந்த காலத்தில் ஓடவேண்டும், அதுவும் பேச்சில் யாரும் அதிகம் புழங்காத எழுத்துநடை இறந்தகாலம். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் தெரியவேண்டும்: சாப்பாட்டு மேசையிலேயே கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் பால்குடிக்கும்போதே காதில் விழுந்தது. அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு நாலு மணிக்கு வரும் தாயின் பிள்ளை, வகுப்பில் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு தன்னந்தனியாக எழுதவேண்டும். இரண்டு பேரும் கணக்கில் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் பாடத்தில் ஒருவருக்கு 2, இன்னொருவருக்கு 3. முதலில் சொன்ன அந்த ஒற்றைப் படி இங்கேதான் விழுகிறது.

இது என் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் திறனை ஒப்பிடும் பீசா ஆய்வு 2000ஆம் ஆண்டில் நடந்தது. அதன் முடிவுகள் 2001 டிசம்பரில் வந்தபோது ஜெர்மனி அதிர்ந்தது. பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பணக்கார நாடுகளின் சராசரிக்கும் கீழே. போதாக்குறைக்கு, குடும்பப் பின்னணிக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையே இருந்த பிணைப்பு வேறு பெரும்பாலான நாடுகளைவிட இறுக்கம். அதன்பின் தொடக்கப்பள்ளி வாசிப்பைப் பற்றி நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. வாசிப்பிலும் அறிவுத்திறனிலும் சமமாக இருக்கும் இரண்டு பிள்ளைகளில், மேல்தட்டு வீட்டுப் பிள்ளைக்குக் கிம்னாசியப் பரிந்துரை கிடைக்கும் வாய்ப்பு தொழிலாளி வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆசிரியர் வஞ்சகர் என்று இதற்குப் பொருளில்லை. கிம்னாசியத்தில் தடுமாறினால் கைகொடுக்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்று அவர் நல்லெண்ணத்தோடுதான் யோசிக்கிறார். அந்த நல்லெண்ணமே ஏழைப் பிள்ளைக்கு எதிராக வேலை செய்கிறது. பின்னால் வழி மாறிக்கொள்ளலாமே என்பார்கள். மாறலாம்தான். ஆனால் பள்ளிக் காலத்திலேயே வழி மாறுகிறவர்களில் கீழே இறக்கப்படுகிறவர்களே அதிகம், மேலே ஏறுகிறவர்கள் கொஞ்சம்.

இத்தனை தெரிந்தும் ஏன் மாறவில்லை என்பதற்கு ஹாம்பர்க் நகரம் விடை சொல்லும். அங்கே ஆட்சியிலிருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் சேர்ந்து தொடக்கப்பள்ளியை ஆறாண்டாக நீட்டச் சட்டம் கொண்டுவந்தன. எதிர்க்கட்சிகளும் ஆதரித்தன. 2010 ஜூலை 18 அன்று மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. திட்டம் தோற்றது, அதே நாளில் மேயர் ஓலே ஃபோன் பொய்ஸ்ட் பதவி விலகலை அறிவித்தார். வசதியான வட்டாரங்களில் வரிசையில் நின்று வாக்களித்தார்கள், ஏழை வட்டாரங்களில் வாக்குப்பதிவு மந்தம். சீர்திருத்தத்தால் அதிகம் பயனடைந்திருக்கக்கூடிய புலம்பெயர்ந்த பெற்றோரில் பலருக்குக் குடியுரிமை இல்லாததால் வாக்கே இல்லை. தன் பிள்ளைக்குக் கிடைத்த வாசலை அடுத்தவன் பிள்ளைக்கும் அகலத் திறந்துவிடுங்கள் என்று எந்தத் தகப்பன் வாக்குச்சீட்டில் குறிப்பான்? சிங்கப்பூரில் வேறு கதை. 1980களிலிருந்து உயர்நிலைப் பிள்ளைகளைத் தரம் பிரித்துவந்த அரசு, 2024இல் எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற முத்திரைகளைத் தானாகவே எடுத்துவிட்டு, பாடத்துக்குப் பாடம் நிலை மாறலாம் என்று வைத்தது. பன்னிரண்டு வயதுத் தேர்வு அங்கே இன்னும் இருக்கிறது, அதன் பயமும் டியூஷனும் போய்விடவில்லை. ஆனாலும் ஒரு பிள்ளை கணக்கில் வேகமாகவும் மொழியில் நிதானமாகவும் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

தமிழருக்கு இந்த விவகாரம் புதிதல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டத்தில் பிள்ளைக்கு அரைநாள்தான் பள்ளி. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். 1954இல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். ஜெர்மனியில் யாரும் சாதி கேட்பதில்லை, வாசலில் நிற்பது மதிப்பெண்தான். ஆனால் அரைநாள் பள்ளி, மீதிப் பொறுப்பு வீட்டுக்கு என்ற ஏற்பாட்டில் யாருக்கு ஆதாயம் என்பதை அன்றைய எதிர்ப்பாளர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள். அதே மூச்சில் இதையும் சொல்லவேண்டும்: குலக்கல்வியை விரட்டிய நாம் கைத்தொழிலுக்கு மரியாதை வாங்கித் தரவில்லை. பையன் ஐடிஐ படிக்கிறான் என்று சொல்லும்போது இன்றும் குரல் இறங்கிவிடுகிறது. அந்த விஷயத்தில் ஜெர்மனியிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

1983க்குப் பிறகு அகதிகளாக அங்கே போன ஈழத்தமிழர் பலர் உணவகச் சமையல்கட்டுகளில் வேலை பார்த்தபடி பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். சனி, ஞாயிறில் தமிழ் கற்பிக்கும் தமிழாலயம், மற்ற நாளில் ஜெர்மன் பள்ளி, இடையில் இந்தச் சல்லடை. அண்மையில் மென்பொருள் வேலைக்குப் போகும் தமிழ்நாட்டுக் குடும்பங்களோ மாலையில் பிள்ளையோடு உட்காரப் படித்த அப்பாவையோ அம்மாவையோ கூடவே கொண்டுபோகின்றன. இரண்டு வீட்டிலும் பேச்சு தமிழ்தான், மதியம் வேறு.

ஜெர்மனியில் 2026 ஆகஸ்டில் ஒரு மாற்றம் தொடங்குகிறது. முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஐந்து நாளும் எட்டு மணி நேரப் பராமரிப்பு பெறும் சட்ட உரிமை வருகிறது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாகக் கூடி 2029இல் தொடக்கப்பள்ளியின் நான்கு வகுப்புகளுக்கும் அது எட்டும். மதியம் யார் கையில் என்ற கேள்வியை அரசு முதன்முறையாக நாடு தழுவிச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த மதியத்தில் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து இறந்தகால வினையைத் திருத்தப்போவது ஆசிரியரா, கூடத்தில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளரா என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அதை மாநிலங்களிடம் விட்டிருக்கிறார்கள்.