மறுமுனையில் நின்றவர்

களத்தில் இறங்கியவர்களின் ஆட்டத்தை அலசுவதே இந்தப் பத்தியின் நெடுநாள் வழக்கமாயினும், சென்ற ஒரு மாத காலமாக என் இரவுகளை முற்றிலும் ஆட்கொண்டிருந்தது ஒரு நடிகரின் ஆட்டமே ஆகையால், இவ்வாரம் அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2002 ஜூனில் தொடங்கி 2008 மார்ச்சில் நிறைவுற்ற 'தி வயர்' என்னும் தொடரை, உலகமெல்லாம் பார்த்துப் புகழ்ந்து, பல்கலைக்கழகங்களில் பாடமாகவும் வைத்த பிறகே நான் பார்த்தேன். போலீஸ்காரர்களும் போதை வியாபாரிகளும் ஒருவரையொருவர் துரத்தும் கதைகளில் எனக்கு ருசி குறைவு. நண்பர்கள் சிபாரிசு செய்தபோதெல்லாம் அதையே காரணமாகச் சொல்லித் தட்டிக் கழித்து வந்தேன்.

இது துரத்தும் கதையல்ல. பால்ட்டிமோர் நகரத்துப் பத்திரிகையில் போலீஸ் செய்திகள் எழுதிவந்த டேவிட் சைமனும், அந்நகரத்திலேயே கொலை வழக்குகளைத் துப்பறிந்து, ஓய்வுபெற்றபின் பள்ளி ஆசிரியராகப் போன எட் பர்ன்ஸும் சேர்ந்து, தெருமுனை, துறைமுகம், நகராட்சி, பள்ளிக்கூடம், பத்திரிகை அலுவலகம் என்று பாகத்துக்கொன்றாக எடுத்துக்கொண்டு, 60 அத்தியாயங்களில் ஒரு நகரத்தின் நாடித்துடிப்பைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஐந்தாம் பாகத்துப் பத்திரிகை அலுவலகக் காட்சிகள் மற்றவற்றின் தரத்துக்கு வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இத்தொடரின் நடிப்பைப் பற்றிப் பேசுவோர் இட்ரிஸ் எல்பாவையும், வியாபாரிகளையே துப்பாக்கி முனையில் கொள்ளையடிக்கும் ஓமராக வந்த மைக்கேல் கே. வில்லியம்ஸையுமே முதலில் சொல்வார்கள். அந்தக் கீர்த்திக்கு அவர்கள் முற்றிலும் உரியவர்களே. ஆனால் ஒரு முனையில் ஒருவர் நாலும் ஆறுமாக விளாசிக்கொண்டிருக்க, மறுமுனையில் ஓசையின்றி நின்று இன்னிங்ஸ் முழுவதையும் தாங்கிக் கொடுக்கும் ஆட்டக்காரர் ஒருவர் இருப்பாரே, அவரைப் போல இத்தொடரில் நிற்பவர் ஜிம் ட்ரூ-ஃப்ராஸ்ட் என்பதே என் முடிவு. அவர் ஏற்ற வேஷம் பிரெஸ்பிலூஸ்கி என்ற இளம் போலீஸ்காரன், சுருக்கமாக, பிரெஸ்.

மாமனாரின் செல்வாக்கினால் உத்தியோகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த பிரெஸ், இரண்டாம் அத்தியாயத்திலேயே, நள்ளிரவில், குடியிருப்பு ஒன்றின் வாசலில், பதினான்கு வயதுப் பையனைத் துப்பாக்கியால் அடித்து அவனுடைய ஒரு கண்ணைப் போக்கிவிடுகிறான். தண்டனையாகத் தெருப் பணியிலிருந்து விலக்கி அலுவலகத்தில் உட்காரவைக்கிறார்கள். அங்கே அவன் செய்வதைக் கவனியுங்கள். வியாபாரிகளின் பேஜர்களில் வரும் எண்கள் எந்தத் தொலைபேசிக்கும் பொருந்தாமல் மற்ற அதிகாரிகள் திகைத்து நிற்க, சொற்புதிர் போட்டுப் பொழுதைக் கழிக்கும் இவன், தொலைபேசியின் எண்பலகையில் நடுவே இருக்கும் 5-ஐத் தாண்டிக் குதித்தால் 1 என்பது 9 ஆகும், 2 என்பது 8 ஆகும், 5-ம் 0-வும் தம்முள் இடம் மாறிக்கொள்ளும் என்று கண்டுபிடிக்கிறான். வாழ்க்கையில் முதன்முறையாகத் தனக்கு ஒரு காரியம் வருகிறது என்று அறிந்த மனிதனுடைய கூச்சம் கலந்த சந்தோஷத்தை, ஒரு சொல்லும் கூடுதலாகப் பேசாமல், அந்த நடிகர் முகத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

அதே முதல் பாகத்தில், கேட்பாரற்ற வீடொன்றில் தங்கியிருக்கும் குழந்தைகளுக்குக் காலையில் ஜூஸ் டப்பாவும் சிப்ஸ் பொட்டலமும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பும் வாலஸ் என்ற பையன் வருகிறான். பஸ்ஸில் ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்ற கணக்கில் தடுமாறும் ஒரு குழந்தையிடம் அவன் போதைப் பொட்டலங்களை வைத்து அதே மாதிரிக் கணக்கைக் கேட்டதும், விடை உடனே சரியாக வருகிறது. அந்தக் கணக்கில் தவறினால் அடி விழும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியும்.

நான்காம் பாகத்தில், சக போலீஸ்காரர் ஒருவரை ஆளறியாமல் சுட்டுக் கொன்ற துயரத்தோடு வேலையை விட்ட பிரெஸ், ஒரு நடுநிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக நுழைகிறார். (இனி அவரை 'அவன்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.) வாலஸ் செய்ததைப் போலவே, பையன்கள் உருட்டும் பகடையைக் கொண்டே நிகழ்தகவைக் கற்பிக்கிறார், யாரும் தொடாமல் கிடந்த புதிய புத்தகங்களைக் கிடங்கிலிருந்து தேடி எடுக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள், அவர் அன்று அடித்த பையனின் வயதினர். அந்தக் காலத்தில் பார்த்தவர்களுக்கு அந்த அடிக்கும் இந்த வகுப்பறைக்கும் நடுவே 2002 முதல் 2006 வரை நான்கு வருஷங்கள் கிடந்தன. எனக்கோ சில வாரங்களே. முதல் நாள் வகுப்பில், கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று அறியாதவர்போல் அவர் நின்றபோது, அந்தக் கைகள் முன்பு செய்த காரியம் எனக்கு நேற்றுப் பார்த்ததுபோல் நினைவிலிருந்தது. தாமதமாக வந்ததில் எனக்குக் கிடைத்த லாபம் இது. இதைப் பெரிய லாபமாகவே மதிக்கிறேன்.

எம்மி பரிசுக்கு இத்தொடரின் பெயர் இருமுறை மட்டுமே பரிந்துரைக்கப்பட்டது. இரண்டும் எழுத்துக்காக, இரண்டிலும் பரிசில்லை. நடிப்புக்கென்று ஒருவர் பெயர்கூட அந்தப் பட்டியலில் ஏறவில்லை என்பதை அறிந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அழுக்கு உடையுடன் வந்து மற்றப் பிள்ளைகளால் விலக்கப்பட்ட டூகன் என்ற மாணவனின் துணிகளை பிரெஸ் தாமே சலவை செய்து, பள்ளியிலேயே குளித்து மாற்றிக்கொள்ள வழிசெய்து கொடுத்திருந்தார். கடைசி அத்தியாயத்தில் அந்த டூகன், பள்ளியை விட்டு நெடுநாளாகிவிட்ட நிலையில், மேலே படிக்கப் போவதாகச் சொல்லிப் பணம் கேட்டு வருகிறான். அவனைக் கண்டதும் மலர்ந்த ஆசிரியரின் முகம், அவன் பேசப் பேசச் சிறிது சிறிதாக அடங்குகிறது. ஆயினும் பணத்தைக் கொடுக்கிறார். தம் காரிலேயே அழைத்துப்போய் அவன் சொன்ன இடத்தில் இறக்கிவிடுகிறார். அவன் எங்கே போகிறான், யாரோடு சேருகிறான் என்பதைக் காருக்குள் இருந்தபடியே பார்க்கிறார்.