கடைசிக் கச்சேரியில் யார் முகம்?

மேடையை விட்டு இறங்கும் ஓர் இசைக்குழுவைப் பதிவு செய்யும் ஆவணப்படத்துக்கு மற்ற இசைப் படங்களுக்கு இல்லாத பொறுப்பு ஒன்று உண்டு. அடுத்த கச்சேரி கிடையாது. விடுபட்டவரைப் பிறகு சேர்த்துக்கொள்ள வழியில்லை. அந்த இசை யார் யாரால் உண்டானது என்பதற்குப் பின்வருபவர்களிடம் மிஞ்சும் சாட்சி பெரும்பாலும் அந்தப் படம்தான். ஆகவே இவ்வகைப் படங்களிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கேமரா யார்மேல் நின்றது? மைக் யார் கைக்குப் போனது? எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவெடுத்தவர் யார்?

இவ்வகையில் பெரிதும் பேசப்படும் படம் மார்ட்டின் ஸ்கார்செசியின் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' (1978). 'தி பேண்ட்' என்ற ராக் குழு 1976 நவம்பர் 25 அன்று சான்பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் நடத்திய விடைபெறும் கச்சேரியின் பதிவு அது. ஒளிப்பதிவில் இன்றும் பாடமாக வைக்கத்தக்க படம். ஆனால் குழுவின் கிதார் கலைஞர் ராபி ராபர்ட்சனே படத்தின் தயாரிப்பாளர். படம் நெடுக அவர் முகம் நிறைந்திருக்கிறது. பியானோ வாசித்துப் பாடிய ரிச்சர்ட் மேனுவலும், ஆர்கன் வாசித்த கார்த் ஹட்சனும் அரிதாகவே தென்படுகிறார்கள். டிரம்மர் லெவன் ஹெல்ம் தம் தன்வரலாற்றில் இதை மனம் கசந்து எழுதினார். அந்த இசைக்கு ஊற்றாக இருந்த கறுப்பினக் கலைஞர்களுக்குக் கிடைத்த இடத்தையும் பாருங்கள். ப்ளூஸ் மேதை மடி வாட்டர்ஸ் பாட வந்தபோது மற்ற கேமராக்கள் ஓடவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒரு கேமராவால்தான் அந்தப் பாட்டு நமக்கு மிஞ்சியது. ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குடும்பத்தைப் பிறகு ஸ்டூடியோவில் பாடவைத்துச் சேர்த்தார்கள். படத்தின் உச்சங்களில் ஒன்றாக நிற்பது அந்தப் பாட்டுதான்.

கனடாவின் 'தி டிராஜிக்கலி ஹிப்' குழுவின் கடைசிச் சுற்றுப்பயணத்தைச் சொல்லும் 'லாங் டைம் ரன்னிங்' (2017) வேறொரு சிக்கலை முன்வைக்கிறது. மூளைப் புற்றுநோயோடு பாடிய கார்ட் டவுனி, 2016 ஆகஸ்ட் 20 அன்று கிங்ஸ்டன் நகரக் கச்சேரியில், அரங்கில் இருந்த அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவை நோக்கி வடபகுதிப் பழங்குடி மக்களின் துயரத்தைப் பேசினார். நாடே பார்த்துக்கொண்டிருந்த இரவில், தனக்கான நேரத்தைப் பிறருக்குக் கொடுத்த பெருந்தன்மை அது. ஆனாலும் அந்த மேடையில் பேசியவர் டவுனி, பேசப்பட்டவர்கள் பழங்குடியினர். அவர்களே பேசும் படம் வேறு, அவர்களைப் பற்றிப் பேசும் படம் வேறு.

தமிழில் ராக் குழுவின் விடைபெறும் படம் என்று ஒரு மரபு உருவாகவில்லை. ஆனால் மேற்சொன்ன கேள்விகளுக்கு விடை தேடிய படங்கள் உண்டு. அம்ஷன் குமார் எடுத்து தேசிய விருது பெற்ற படம், யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) என்ற தவில் மேதையைப் பற்றியது. நாகசுரத்துக்குத் துணை என்று ஒதுக்கப்படும் தவில் அதில் நடுவே வந்து உட்காருகிறது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோ ஷெரினியன் 2011இல் எடுத்த 'திஸ் இஸ் எ மியூசிக்', தீண்டாமையின் பெயரால் இழிவுசெய்யப்பட்ட பறையை இசையாகவே கேட்கச் சொன்னது. பறைக் கலைஞர்கள் தங்கள் வாயாலேயே பேசினார்கள். அதுதான் அதன் பலம்.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை இங்கே நினைக்க வேண்டும். பா. இரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசைத் தலைமையில், கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் நின்றன. தொடக்கத்தில் அதன் ஒரே பெண் பாடகி இசைவாணி. சாதியற்ற மேடையிலும் ஒரு பெண்தான் என்பதை நாளை அக்குழுவைப் படமெடுப்பவர் மறைக்கக் கூடாது. அந்த மேடையின் பெருமை அதனால் குறையாது.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். வடலூர், குறிஞ்சிப்பாடி, நெய்வேலிப் பக்கம் திருவிழாவுக்கு வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராக்களும் மேளக்காரர்களும் விடைபெறும் கச்சேரி நடத்துவதில்லை. கூப்பிடுவது குறைகிறது, வாத்தியம் பரணுக்குப் போகிறது, அவ்வளவுதான். நோட்டீஸில் பாடகர் பெயர் பெரிதாக இருக்கும். ரிதம் பேடு வாசிப்பவர் பெயர் இருக்காது. சாவு வீட்டில் இரவெல்லாம் அடித்த பறைக்காரரின் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. வந்தவரின் சாதி கேளாமல் சோறு போட 1867இல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கிய ஊர் வடலூர். இங்கே கேமரா எடுக்கும் பிள்ளைகள் அந்த நெறியைப் படத்திலும் கடைப்பிடிக்க வேண்டும். பக்கவாத்தியக்காரரை முதலில் பேச வையுங்கள். யாரிடம் கற்றார், என்ன கூலி வாங்கினார், எந்த வாசலில் நிறுத்தப்பட்டார் என்று கேளுங்கள். எல்லார் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். வெளியிடும் முன் படத்தைக் குழுவுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தத்தைச் செய்யுங்கள்.