நூல் கணக்கும் ரூபாய்க் கணக்கும்

ஜலகண்டாபுரத்தில் நாலு தறி போட்டுக் கூலிக்கு ஓட்டும் குடும்பத்துக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கும் நீள நோட்டு. இன்னொன்று, வங்கிக் கடனுக்காகவும் வருமான வரிக்காகவும் ஆடிட்டர் அலுவலகத்தில் தயாராகும் லாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும். இரண்டும் ஒரே பட்டறையைப் பற்றியவைதான். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாது. படித்தவர்கள் இரண்டாவதைத்தான் கணக்கு என்பார்கள். முதலாவதைப் படிப்பறிவு குறைந்தவர்களின் கைக்குறிப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். இந்த மதிப்பீடு பாதி தவறு என்பது என் எண்ணம். எந்தப் பாதி என்று பார்க்க, கணக்கியலின் அடிப்படைக் கருத்துகளையே உரைகல்லாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நோட்டு. ஒரு பக்கத்தில் பாவு வந்த தேதி, பாவு எண், நீளம், நூல் நம்பர், ஊடைக்குக் கொடுத்த கோன் எத்தனை கிலோ என்று இருக்கும். எதிர்ப்பக்கத்தில் அறுத்துக் கொடுத்த பீஸ், அதன் மீட்டர், எடை, சேதாரம். அடியில் கூலி, பற்று, பாக்கி. வந்த நூலின் எடை, போன துணியின் எடையோடும் கழிவோடும் கையில் நிற்கும் நூலோடும் ஒத்துப்போக வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சைசிங்கில் கஞ்சி ஏறிய பாவு, வெறும் நூலைவிடக் கனக்கும். அந்தக் கஞ்சி எடையைக் கழிக்காமல் நூலை ஒப்புக்கொண்டால், பாவு தீரும்போது தறிக்காரர் தலையில் இல்லாத நூலுக்குப் பொறுப்பு விழும். எத்தனை சதவீதம் கழிப்பது என்பதில்தான் பாவு கொடுப்பவருக்கும் தறிக்காரருக்கும் பேச்சு தடிக்கும். கடைசியில் ஒரு எண்ணுக்கு இருவரும் ஒத்துவருவார்கள். அந்த எண்தான் நோட்டில் ஏறும்.

சர்வதேசக் கணக்கியல் தர வாரியம் 2018-இல் திருத்தி வெளியிட்ட கருத்துச் சட்டகம், நல்ல நிதித் தகவலுக்கு வலுவூட்டும் குணங்களாக நான்கைச் சொல்கிறது: ஒப்பிட முடிதல், சரிபார்க்க முடிதல், காலத்தே கிடைத்தல், புரிதல். நோட்டுக்கு ஒப்பீடு மட்டும் வராது. அடுத்த பட்டறை நோட்டின் கட்டங்களே வேறாக இருக்கும். மற்ற மூன்றிலும் அது பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கைக்கு எந்த வகையிலும் இளைத்ததில்லை. ஒவ்வொரு வரியையும் எதிர்த்தரப்பு தன் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்கிறது, அதுவும் வாரந்தோறும். 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, ரொக்கமும் வங்கி இருப்பும் ரூ. 5,040 கோடி அளவுக்கு ஊதிக் காட்டப்பட்டதாகத் தன் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். தணிக்கை செய்த, பங்குச் சந்தை நம்பிய கணக்கு அது. எதிர்த்தரப்பைக் கேட்டு இருப்பை உறுதிசெய்வது தணிக்கையின் அரிச்சுவடி. அது அங்கே உருப்படியாக நடந்திருந்தால் அந்தப் பொய் அத்தனை ஆண்டு நின்றிருக்காது. தறிக்காரர் நோட்டில் அந்த உறுதிப்படுத்தல் ஒவ்வொரு பாவுக்கும் நடக்கிறது.

நோட்டின் இன்னொரு பலம் அதன் அலகு. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் திறந்தால் தொடக்கத்திலேயே பண மதிப்பீட்டுக் கருத்து வரும். பணத்தால் அளக்க முடிவது மட்டுமே கணக்கில் ஏறும் என்பது அதன் சாரம். நோட்டு இதை மீறுகிறது. நூலைக் கிலோவில் வைத்துக்கொண்டு, கூலியை மட்டும் ரூபாயில் எழுதுகிறது. கூலி நெசவில் நூல் தறிக்காரருக்குச் சொந்தமில்லை என்பதால் இது கருத்தளவிலும் சரி. அடுத்தவர் பொருளுக்கு விலை போட்டுத் தன் சொத்தாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை, பொறுப்பை மட்டும் எடையில் சொன்னால் போதும்.

ஆனால் கிலோ கணக்கின் அருமை, சொந்தமாக நூல் வாங்கி நெய்து விற்பவருக்குத்தான் அதிகம். 2021-22-இல் பருத்தி நூல் விலை கண்டபடி ஏறியது. 2022 மே மாதம் திருப்பூர் பின்னலாடைத் துறையே இதற்காக வேலைநிறுத்தம் செய்தது. அப்படிப்பட்ட காலத்தில் ரூபாய்க் கணக்கு என்ன சொல்லும்? ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கிலோ 250 ரூபாய்க்கு 1,000 கிலோ நூல் வாங்கியவர், நெய்த செலவெல்லாம் போக நூலின் பங்காக 3,20,000 ரூபாய் பெறுகிறார். புத்தகத்தில் 70,000 லாபம். அதை வீட்டுச் செலவுக்கும் வரிக்கும் எடுத்துவிடுகிறார். போட்ட மூலதனம் இரண்டரை லட்சம் அப்படியே இருப்பதாகக் கணக்கு சொல்கிறது. மீண்டும் நூல் வாங்கப் போனால் கிலோ 340. அந்த இரண்டரை லட்சத்துக்குக் கிடைப்பது 735 கிலோ. கால் பங்குக்கு மேல் தொழில் கரைந்துவிட்டது. கணக்கு அதை லாபம் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டது.

கணக்கியலார் இதை அறியாதவர்கள் இல்லை. மூலதனத்தைப் பணமாகப் பராமரிப்பதா, உற்பத்தித் திறனாகப் பராமரிப்பதா என்ற கேள்வியைச் சர்வதேசச் சட்டகமே எழுப்புகிறது. எழுப்பிவிட்டு, தேர்வை நிறுவனத்திடம் விட்டுவிடுகிறது. நடைமுறையில் எல்லோரும் பணப் பராமரிப்பையே பிடித்துக்கொண்டார்கள். சரக்கிருப்பு பற்றிய நம் நாட்டுத் தரம், அடக்க விலை அல்லது விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலை, இதில் எது குறைவோ அதை எடுக்கச் சொல்கிறது. விலை சரியும்போது இது நல்ல காவல். வராத லாபத்தை எழுதவிடாது, வரப்போகும் நட்டத்தை மறைக்கவும் விடாது. இந்த முன்னெச்சரிக்கையை 2010-இல் சர்வதேசச் சட்டகத்திலிருந்து நீக்கி, எதிர்ப்புக்குப் பிறகு 2018-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது சரியே. ஆனால் விலை ஏறும்போது அந்தக் காவல் உதவாது. அங்கே கிலோ கணக்குத்தான் உண்மை பேசும்: போன வருஷம் ஆயிரம் கிலோ ஓடிய தொழிலில் இந்த வருஷம் 735 கிலோதான் ஓடுகிறது.

இத்தனை பலம் உள்ள நோட்டு ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாது: இந்தத் தொழிலில் லாபம் வருகிறதா? யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதோடு அது நின்றுவிடும். தேய்மானம் அதில் கிடையாது. நாடா வாங்கினால், மோட்டார் காயில் எரிந்து கட்டினால் செலவு ஏறும். தறியே தேய்ந்துகொண்டிருப்பது ஏறாது. தொழில் தொடர்ந்து நடக்கும் என்ற அனுமானத்தில்தான் தறிக்குத் தறி விலை. நின்றுவிட்டால் அது இரும்பு விலை. விசைத்தறிப் பகுதிகளில் தறியை உடைத்து எடைக்குப் போட்டவர்கள் பலரும் அந்த வித்தியாசத்தை ஒரே நாளில்தான் தெரிந்துகொண்டார்கள். ஆண்டுதோறும் தேய்மானத்துக்கென்று எழுதி, அந்தப் பணத்தைத் தனியே வைத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

ஆடிட்டர் கணக்கு இந்தக் குறையை ஈடுகட்டுகிறதா? பெரும்பாலும் இல்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, சிறு தொழிலர் தன் ஆண்டு வரவில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டிவிட்டால் போதும் என்றது. புத்தகம் எழுத வேண்டியதில்லை. சிறியவர்களை அலைக்கழிக்காத நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் வரும் லாபம் கணக்கிட்ட லாபம் ஆகாது, சட்டம் ஊகித்துக்கொண்ட லாபம். இருப்புநிலைக் குறிப்பு என்பது வங்கி கேட்ட அளவுக்கு வெட்டித் தைத்த சட்டை. ஆக, ஒரு கணக்கு லாபத்தைக் கேட்பதில்லை, மற்றொன்று லாபத்தைக் கண்டுபிடிப்பதில்லை.

இரண்டு கணக்கிலும் ஏறாத ஓர் உழைப்பு இருக்கிறது. ஊடை நூலைத் தாரில் சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். இழை அறுந்தால் பிணைப்பதும், பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு தறியைப் பார்த்துக்கொள்வதும் குடும்பத்துக்குள்ளேயே முடிந்துவிடும். வாரத்துக்கு 9,000 கூலி வந்து, ஆள் கூலியும் சாமானும் 6,000 போக 3,000 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் செய்த வேலைக்கு வெளியாள் போட்டால் 3,500 ஆகும் என்றால், அந்த வாரம் தொழிலில் 500 நட்டம். குடும்பம் தன் உழைப்பை விற்று அந்தக் குழியை நிரப்பியிருக்கிறது. வணிகத் தனித்தன்மைக் கருத்து, தொழிலை வேறு, உடைமையாளரை வேறு என்று பிரிக்கச் சொல்கிறது. பிரித்துப் பார்த்தால்தான் இது கண்ணில் படும். ஆனால் பரிவர்த்தனை நடந்தால்தான் பதிவு என்று அதே கணக்கியல் சொல்வதால், மனைவி சுற்றிய தார் எந்தத் தலைப்பிலும் வராது. பிரிக்கும் கருவியைக் கொடுத்துவிட்டு, பிரித்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வது இந்தச் சட்டகத்தின் பெருங்குறை என்பேன்.

மின்சாரமும் அப்படியே. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023-இல் 1,000 யூனிட்டாக உயர்த்தியது. பில்லில் வராததால் நோட்டிலும் வராது. செலவாக ஒரு வரி, அரசு மானியமாக எதிரே ஒரு வரி எழுதியிருந்தால், கூலி பேசும்போது தறிக்காரர் தன் முழு அடக்கத்தைச் சொல்லியிருக்கலாம். எழுதாததால், 'கரண்ட் சும்மாதானே வருது' என்ற வாதத்துக்கு அவரிடம் பதில் இல்லை. மானியத்தில் ஒரு பங்கு கூலிக் குறைப்பாக அடுத்த கைக்கு நழுவிவிடுகிறது.

கூலி பாக்கி வேறு. கடனுக்கு வாங்கிய அன்றே செலவு எழுதிக்கொள்ளலாம் என்பது சேர்வு அடிப்படைக் கணக்கின் விதி. பாவு கொடுப்பவர் கூலியைச் செலவெழுதி வரியைக் குறைத்துக்கொண்டு, பணத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைக்க இது இடம் கொடுத்தது. 2023 நிதிச் சட்டம் அதே வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு இதைத்தான் பிடித்தது. உத்யம் தளத்தில் பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 15 நாளில், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் போகாவிட்டால், போன பிறகுதான் அதைச் செலவாகக் கழிக்கலாம். வாக்கை நம்பும் கணக்கைச் சட்டம் ஓரிடத்தில் நிறுத்திவைத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் உத்யம் பதிவு இல்லாத பட்டறைக்கு இதனால் பயனில்லை.

எல்லாவற்றிலும் கனமானது முன்பணம். சேலம், நாமக்கல் பக்கத்து விசைத்தறிகளில், ஓட்ட வரும் ஆளுக்கு ஒரு தொகை முன்னால் கொடுப்பது நெடுநாள் வழக்கம். நோட்டில் அது பட்டறைக்காரருக்கு வர வேண்டிய பணம், அதாவது சொத்து. வாரக் கூலியில் கொஞ்சம் பிடித்தாலும், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று மேலும் வாங்குவதால் தொகை குறைவதில்லை. வேறு பட்டறைக்குப் போக வேண்டுமானால் புது முதலாளி பழைய பாக்கியை அடைக்க வேண்டும். பாக்கி பட்டறை மாறும், ஆளிடமிருந்து இறங்காது. 2018 சட்டகத்தின்படி சொத்து என்பது, கடந்த நிகழ்வின் விளைவாக ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இன்று இருக்கும் பொருளாதார வளம். இங்கே கட்டுப்பாட்டில் இருப்பது எது? திரும்பி வராது என்று இருவருக்கும் தெரிந்த பணமா, அந்த ஆளின் உழைப்பா? வடிவத்தை விடுத்து உட்பொருளைப் பார் என்ற கணக்கியல் விதியை நேர்மையாகப் போட்டால், அந்த வரியில் எழுதியிருப்பது கடன் ஆகாது, ஆளை நிறுத்திவைக்கும் உரிமை. முன்பணத்துக்காக ஒருவர் வேறிடத்தில் வேலை தேடும் சுதந்திரத்தை இழந்தால் அது கொத்தடிமை முறை என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பையும் அதே சட்டம் ரத்து செய்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் நோட்டின் அந்த வரிக்குச் சட்டத்தில் மதிப்பு பூஜ்யம்.

பட்டறைக்காரர் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. அவரே பாவு கொடுப்பவரிடம் முன்பணம் வாங்கியிருப்பார், கையை விட்டுப் போன பணத்தை எழுதாமல் விட அவரால் ஆகாது. எழுதட்டும். ஆனால் நூலுக்குக் கிடைக்கும் மரியாதை இந்த வரிக்குக் கிடைப்பதில்லை. நூல் எடையைப் பாவு கொடுப்பவரும் தறிக்காரரும் தனித்தனியே எழுதி ஒத்துப்பார்க்கிறார்கள். ஆளின் முன்பணம் மட்டும் ஒருவர் கையில் உள்ள ஒரே நோட்டில் இருக்கிறது, எதிர்த்தரப்புக்குப் படி கிடையாது. சர்வதேசச் சட்டகமும் முதலீட்டாளர், கடன் கொடுத்தோர் ஆகியோரையே கணக்கின் முதன்மை வாசகர்களாக வைக்கிறது. நோட்டும் ஆடிட்டர் கணக்கும் சட்டகமும் ஒன்றாகச் சறுக்கும் இடம் இதுதான், இங்கே வெளியிலிருந்து யாரும் வந்து திருத்தக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. பால் சொசைட்டியில் கொடுக்கும் அளவு ஒரு சின்ன அட்டைப் புத்தகம் போதும். சனிக்கிழமை கூலி போடும்போது வாங்கியது, பிடித்தது, நின்றது என்று மூன்றையும் அதில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தறி ஓட்டுபவரின் கையில் கொடுக்க வேண்டும்.