செவிக்கு வரைந்த நகரப்படம்

பௌத்த நூல்களிலும் பண்ணிசையிலும் எனக்குள்ள பற்றுக்கும், பழைய நகரப்படங்களின்மேல் உள்ள ஆசைக்கும் உறவு ஏதுமில்லை என்று நண்பர்கள் நகைப்பதுண்டு; மூன்றும் ஒருங்கே கூடும் மதுரைக்காஞ்சியை அவர்கள் படித்ததில்லை போலும்.

மாங்குடி மருதனார் 782 அடிகளிற் பாடியதும், 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டோடு அச்சேற்றியதுமான அப்பாட்டு, அளவுகோலைத் தொடாமலே நகரை வரைகிறது. வீதிகளை இதழ்களாகவும் அரசன் கோயிலைப் பொகுட்டாகவும் கொண்டு மதுரையைத் தாமரையாக்கிய பரிபாடலின் சித்திரம் அழகியதே. எனினும் அது வானிலிருந்து கண்ட காட்சி. மருதனாரோ தெருவில் நடப்பவர். நாளங்காடியின் ஆரவாரத்தைக் கடந்து அவரோடு செல்வோர்க்கு, கணவரோடு கூடி, இளம் புதல்வரையும் அணைத்துக்கொண்டு, பூவும் புகையும் ஏந்தி வழிபடும் மகளிர் தென்படுகின்றனர். அது பௌத்தப் பள்ளி என்று நச்சினார்க்கினியர் உரை காட்டுகிறது. துறவும் வைராக்கியமுமே பௌத்தமென எண்ணியிருப்பார்க்கு, பிள்ளைகுட்டிகளோடு விளங்கும் இப்பள்ளி ஓர் இனிய வியப்பு. அடுத்து அந்தணர் பள்ளி, பின் சமணர் பள்ளி, அப்பால் அறங்கூறவையம் என வரிசை குலையாமல் பாட்டு நகர்கிறது.

பொழுதும் வரையப்பட்டிருப்பதே இப்படத்தின் தனிச்சிறப்பு. இரவின் முதற்பொழுதில் யாழிற் செவ்வழி எழுகிறது. வைகறையில் அந்தணர் வேதம் ஓத, யாழோர் மருதம் பண்ணுகின்றனர். பண்ணறிந்த செவிக்கு அவ்விரு பெயர்களே கடிகாரம். பிற்காலத்துச் சர்வே படங்களில் பிசகாத கோடுகள் உண்டு, பொழுதில்லை. ஆயினும் மதுரையை வரைபவர் காலத்தை முற்றும் தவிர்க்கவும் இயலாது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகளே மாதப்பெயர் பூண்டு நிற்கின்றன அல்லவா? கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை இடிபட்டபின் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் தோன்றின. மாதங்களினூடே ஒரு மேஸ்திரியும் இடம்பெற்றதில் எனக்கு மகிழ்ச்சியே.

யாழின் நுட்பம் பேசும் சிலப்பதிகாரமும் அளவுகோலின்றி நகரை வரையும் வித்தையில் தேர்ந்தது. வழியில் பாணரோடு அமர்ந்து செங்கோட்டியாழ் இசைத்த கோவலன், மதுரை இன்னும் எத்தனை காதம் என்று வினவ, அவர்கள் காதக்கணக்கை விடுத்து, நகரின் நறுமணங்களைச் சுமந்துவரும் தென்றலைச் சுட்டுகின்றனர். ஊர்காண் காதையின் கூலவீதியிலோ துலாக்கோல், அம்பணம், மிளகு மூட்டை யாவும் உள்ளன. மணிமேகலை என்னும் பௌத்த காவியம் பாடிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர். அவர் கடை எதுவென்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. அம்மூட்டைகளிடையே நானாக ஒன்றைத் தேர்ந்து வைத்திருக்கிறேன்.