சரதியேல் கதையும் சபானின் மரணமும்

உதுவன்கந்தைச் சரதியேலைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் மலை உச்சியில் நின்றே சொல்லப்படுகின்றன. கீழே கொழும்பு–கண்டி வீதியில் வண்டிகள் ஊர்கின்றன. புகைவண்டி கண்டியை எட்டியது 1867இல்தான். செல்வரிடம் பறித்தது ஏழையரைச் சேர்கிறது. தேடிவரும் பொலிசாருக்கோ இக்கதைகளில் முகமில்லை.

1864 மார்ச் 21ஆம் நாள் மாவனல்லையில் அவன் ஒளிந்திருந்த வீட்டைப் பொலிசார் முற்றுகையிட்டனர். துப்பாக்கிச் சமரில் கொன்ஸ்டபிள் சபான் உயிர்நீத்தார். கடமையின்போது மாண்ட முதல் இலங்கைப் பொலிஸ்காரராக அவர் கருதப்படுகிறார். மார்ச் 21 பொலிஸ் வீரர் தினமாயிற்று. மே 7இல் சரதியேலும் தோழன் மம்மாலி மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர்.

'சமூகக் கொள்ளையர்' என்னும் கருத்தை எரிக் ஹொப்ஸ்போம் 1969இல் ஒரு நூலாகவே விரித்தார். அன்ரன் புளொக் 1972இல் அதனை மறுத்தார்: கொள்ளையர் பலர் வலியோரின் நிழலில் வாழ்ந்து எளியோரையே அடக்கினர்; ஏழைபங்காளன் என்பது மக்களின் ஏக்கம் வனைந்த உரு. அந்த ஏக்கம் பொய்யன்று. சரதியேல் கதையின் இலக்கியப் பெறுமதியே அதில்தான் தங்கியுள்ளது.

எனினும், மலாய்க்காரரான சபானும் சம்பளத்துக்குத் துப்பாக்கி ஏந்திய எளியவரே. சிங்களக் கொள்ளையன், அவனுடைய முஸ்லிம் தோழன், மாண்ட மலாய்க் காவலர் – இன எல்லைகளுள் அடங்காத இம்மூவரையும் ஒருசேர நிறுத்தும் நாடகத்தில், சபானுக்கு ஒரு வசனமேனும் வேண்டும். கதைமரபு அவருக்குச் சாவை மட்டுமே அளித்திருக்கிறது.