பாடாத இடம்

வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கில் 'லா த்ராவியாத்தா' பார்ப்பதற்குத் தனி ருசி. வெர்தியின் இந்த ஓபரா 1853 மார்ச் 6 அன்று முதலில் மேடையேறியதும், தோற்றதும் இங்கேதான். 1996இல் எரிந்த அரங்கு மீண்டெழுந்தபின், 2004இல் முதலில் அரங்கேற்றிய ஓபராவும் இதுவே.

பொன் பூசிய மாடங்களை அண்ணாந்து பார்த்தது போதும், விளக்கு அணையட்டும். மைக் கிடையாது, இத்தனை வாத்தியங்களையும் தாண்டி வெறும் தொண்டை கடைசி வரிசைக்கு வந்து சேர்கிறது. விருந்துப் பாட்டுக்கு எல்லோரும் கைதட்டுவார்கள். நான் காத்திருப்பது மூன்றாம் அங்கத்துக்கு. காசநோயில் கிடக்கும் நாயகி வியொலெத்தா, காதலனின் தந்தை எழுதிய கடிதத்தைப் பாடுவதில்லை; பேச்சுக்குரலில் வாசிக்கிறாள். வயலின் பழைய காதல் மெட்டை மெல்ல இழைக்கிறது. அவ்வளவு பாடிய குரல் பேசும்போதுதான் வயிறு கலங்குகிறது. சில பாடகிகள் இங்கேயே விம்மித் தீர்த்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.