பாறசாலை அக்கானியை ரசித்துக் குடிப்பது எப்படி?

மாசி, பங்குனியில் களியக்காவிளை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் போகிறவர்கள் விடியற்காலையிலேயே போய்ச் சேருங்கள். வெயில் ஏறிய பிறகு குடிக்கும் அக்கானியில், அதாவது பனையின் பதநீரில், பாதி ருசிதான் மிஞ்சும்.

வாங்கியதும் குடித்துவிடாமல் முதலில் முகர்ந்து பாருங்கள். கலயத்தின் உட்புறம் பூசிய சுண்ணாம்பின் வாசம் லேசாக எழும். பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். அதைத் தடுப்பது இந்தச் சுண்ணாம்புதான். அது இல்லாவிட்டால் கலயத்தில் இறங்குவது கள். சுண்ணாம்பு குறைந்தால் நாக்கில் புளிப்பு தட்டும், கூடினால் தொண்டை காறும். இரண்டுக்கும் நடுவே நிற்கிற அளவு பனையேறியின் கைப்பழக்கத்தில் இருக்கிறது. அந்த அளவை உணர்ந்து குடிப்பதே அக்கானி ரசனையின் முதல் படி. ஐஸ் போடச் சொல்லாதீர்கள், குளிரில் மணம் அடங்கிவிடும். ஓலைப் பட்டையில் ஊற்றித் தந்தால் மறுக்காதீர்கள். பச்சை ஓலையின் மணமும் சேர்ந்ததுதான் அந்தச் சுவை. இரண்டு நுங்கு கிடைத்தால் பிய்த்து அதில் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரான்சின் அல்சாஸ் பகுதியில், ரிக்விர் என்ற சிற்றூரில், ஹூகெல் குடும்பம் 1639 முதல் ஒயின் செய்துவருகிறது. அதைக் குடிப்பவர்கள் எந்தச் சரிவின் மண், எந்த ஆண்டின் மழை என்றெல்லாம் விசாரிப்பார்கள். நம் பனைக்கும் அப்படிப்பட்ட விசாரிப்பு தகும். இதுவும் குடும்பத் தொழில்தான். மரத்தில் ஏறிப் பாளை சீவுவது ஆண். வீட்டுப் பெண் சுள்ளி பொறுக்கி, அடுப்பின் முன் வெந்து, அக்கானியைக் காய்ச்சிப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவாள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டுப் பத்து லிட்டர் அக்கானி வேண்டும். வடலி வளர்ந்து பாளை விடப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும் என்பதால், இன்று சீவப்படும் மரம் பெரும்பாலும் முந்தைய தலைமுறை விட்டுப்போனது.

அந்தத் தலைமுறைகளை அரசும் நிம்மதியாக விடவில்லை. ஏறுகிற ஏணிக்கும் காலில் மாட்டும் தளைக்கும்கூடத் திருவிதாங்கூர் வரி வாங்கியது. 1956 நவம்பர் 1 அன்று பழைய திருவிதாங்கூரின் தாலுகாக்களான விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இரு பக்கமும் அதே பனை, அதே உறவுக்காரர்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கேரளத்திலோ உரிமம் பெற்ற ஷாப்பில் அது விற்பனைக்கு உண்டு. சுண்ணாம்பு பூசிய கலயத்துக்கு மட்டும் எல்லை கிடையாது.

கருப்பட்டி வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். வெள்ளைச் சீனி கலந்ததென்றால் ஒரே தித்திப்பாக நாக்கில் சட்டெனக் கரைந்துவிடும். நல்ல கருப்பட்டி மெதுவாகக் கரையும். இனிப்புக்குப் பின்னால் மெல்லிய உப்புக் கரிப்பும் புகைவாசமும் வரும், அந்தப் பின்சுவைக்காகக் காத்திருங்கள். புதுக் கருப்பட்டியைச் சுக்குக் காப்பியில் போட்டு, வேறு எதுவும் தின்னாமல் குடியுங்கள். கொஞ்சத்தை அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்துப் பழங்கருப்பட்டியாக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. கேட்டால் தருவார்கள். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வாயில் போட்டால்தான் வித்தியாசம் பிடிபடும்.

ரப்பருக்கும் செங்கல் சூளைக்கும் பனைகள் ஏராளமாகப் போய்விட்டன. ஏறுகிறவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள், உயிரைப் பணயம் வைக்கும் தொழிலை விட்டதற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இன்னமும் ஏறுகிறவரிடம் விலை பேசாதீர்கள். எந்த விளையின் மரம், ஆண் பனையா பெண் பனையா, எத்தனை நாளாகச் சீவுகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் அவர் லேசில் நிறுத்தமாட்டார். நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.